ஜகா வாங்குவது எப்படி: ஒரகடம் பதிப்பு

வண்டலூர்–வாலாஜாபாத் ரோடும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் ரோடும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் ஜங்ஷனில் நின்று சுற்றிப் பார்த்தால் எல்லாமே ஆணி அடித்த மாதிரி உறுதியாகத் தெரியும். நீள நீளமான காம்பவுண்டுச் சுவர்கள், கொடிக்கம்பங்கள், கன்டெய்னர் லாரி வரிசை. ஆனால் இந்த ஊரின் இரண்டு பெரிய வண்டித் தொழிற்சாலைகளுக்கும் பிறப்பிலேயே ஒரு கதை உண்டு. இரண்டிலும் கை குலுக்கி, போட்டோவுக்கு நின்ற ஒரு கூட்டாளி, பிறகு சத்தமில்லாமல் கழன்றுகொண்டார்.

2007 பிப்ரவரியில் ஒரகடம் ஆலைக்காகத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டது ரெனோவும் நிஸானும் மட்டுமில்லை, மஹிந்திராவும்தான். வருடத்துக்கு 4 லட்சம் வண்டி என்று பெரிய பேச்சு. கொஞ்ச நாளில் மஹிந்திரா விலகிக்கொள்ள, மற்ற இருவரும் கட்டி முடித்து 2010 மார்ச்சில் திறந்தார்கள். பாரத்பென்ஸ் லாரி வரும் டைம்லர் கதையும் இதே வழிதான். 2008இல் டைம்லருக்கு 60, ஹீரோ குழுமத்துக்கு 40 என்று பங்கு பிரித்து ஆரம்பித்தார்கள். உலகமே மந்தத்தில் முங்கிய 2009இல் ஹீரோ வெளியே வந்துவிட்டது. டைம்லர் தனியாக நின்று 2012 ஏப்ரலில் ஆலையைத் திறந்தது. நிஸானும் அசோக் லேலண்டும் சேர்ந்து லாரி செய்யப்போகிறோம் என்று கைகோத்த இன்னொரு கூட்டு 2016இல் முடிவுக்கு வந்தது.

ஆகவே, சொன்ன பிளானிலிருந்து பின்வாங்குவதைப் பற்றி எழுத இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நான் வேறு இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பிளானிங் டிபார்ட்மென்ட். பிளான் போடுவதற்குத்தான் சம்பளம். பாதி நாள் போவது செத்த பிளானுக்குக் காரியம் செய்வதில்.

இந்தப் பதிவுக்குக் காரணம் ரீல்ஸ். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் முன்சீட்டு, பின்சீட்டு எங்கே பார்த்தாலும் ஸ்போக்கன் இங்கிலீஷ் ரீல்ஸ்தான் ஓடுகிறது. ஒரு அக்கா வந்து விரலை ஆட்டி, “‘ஐ கான்ட் கம்’னு சொல்லாதீங்க, இப்படிச் சொல்லுங்க” என்று ஆரம்பிப்பார். அப்புறம் வரிசையாக வரும்: பெயில், ஃப்ளேக், ரெயின் செக், கோல்டு ஃபீட், சிக்கன் அவுட். பையன்கள் வாயசைத்து மனப்பாடம் செய்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அக்கா ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லாமலே அடுத்த ரீலுக்குப் போய்விடுகிறார். இதில் எது நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வது, எது அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் சொல்வது?

அதுதான் இதில் முழுச் சூட்சுமமும். ‘ஃப்ளேக்’ என்பது வசவு. சொன்ன வாக்கில் நிற்காதவன், நம்ப முடியாதவன் என்று பிறர் நமக்குக் குத்தும் முத்திரை. ‘சிக்கன் அவுட்’ என்றால் பயந்து ஓடினான் என்று அர்த்தம். ‘காப் அவுட்’ அதைவிட மோசம்: பொறுப்பைத் தட்டிக் கழித்தான் என்ற குற்றச்சாட்டு. மேனேஜரிடம் போய் ஒருவன் பெருமையாக, “சார், ஐ ஆம் சிக்கனிங் அவுட் ஆஃப் சண்டே ஓ.டி.” என்று சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அடுத்த இரண்டு வருடம் கேன்டீனில் அவன் பெயர் சிக்கன்.

நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ள இருப்பவை வேறு. ‘ஐ’ல் பாஸ்’ என்பது, பரவாயில்லை, எனக்கு வேண்டாம் என்கிற மாதிரி. ‘ஐ’ல் சிட் திஸ் ஒன் அவுட்’ என்றால் இந்த ஒரு தடவை மட்டும் என்னை விட்டுவிடுங்கள். ‘பெயில்’ இரண்டு பக்கமும் போகும், ஆனால் தோளில் கை போடுகிற சிநேகிதர்களிடம் மட்டும். கஸ்டமரிடம் பெயில் என்றால் அவருக்குக் கோர்ட்டு ஜாமீன்தான் ஞாபகம் வரும். பிரிட்டிஷ்காரர்கள் ‘க்ரை ஆஃப்’ என்பார்கள். அதில் அழுகை எதுவும் இல்லை, வருகிறேன் என்றவர் வர முடியவில்லை என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான். ‘ஸ்டுட் மீ அப்’ என்றால் வரச் சொல்லிவிட்டு வராமல் என்னைக் காக்க வைத்துவிட்டான் என்று பொருள். தினமும் காலையில் லைன் ஓரத்தில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் நடக்கும் ஃபேக்டரியில் இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை.

‘கோல்டு ஃபீட்’ கொஞ்சம் பழசு. அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிரேனின் ‘மேகி’ நாவலின் 1896ஆம் வருடப் பதிப்பிலேயே இருக்கிறது. கடைசி நேரத்தில் கால் பின்னுவது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கு வருமே, அது. ‘கோஸ்ட்’ புதுசு; பதிலே சொல்லாமல் மாயமாகிவிடுவது. அந்த அர்த்தம் மெரியம்-வெப்ஸ்டர் அகராதிக்குள் நுழைந்தது 2017இல். நம் ஊரில் இந்தப் பழக்கம் அகராதிக்காகக் காத்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்தது ‘ரெயின் செக்’தான். 1880களில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், அடுத்த ஆட்டத்துக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுப்பார்களாம். அதுதான் ரெயின் செக். இன்று முடியாது, ஆனால் இன்னொரு நாள் கட்டாயம் என்ற உத்தரவாதம் அதற்குள்ளேயே இருக்கிறது. மரியாதையான பின்வாங்கல். ஆனால் ஒரகடத்தில் அதைப் பயன்படுத்தினால் ஒரு ஆபத்து உண்டு.

கார், பஸ், லாரி எதுவானாலும் ஆலையை விட்டு வெளியே வருவதற்கு முன் ஒரு கூண்டுக்குள் நிறுத்தி நாலாபக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். ஷவர் டெஸ்ட் என்போம். கதவு ரப்பர், கண்ணாடி ஓரம், டெயில் லேம்ப் வழியாக ஒரு சொட்டு உள்ளே வந்தாலும் வண்டி திரும்பி ரீவொர்க்குக்குப் போகும். எங்கள் குவாலிட்டி பையன் ஒருவனை, இங்கே வந்திருந்த ஜெர்மன்காரர் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அன்றைக்கு இவனுக்கு பி ஷிஃப்ட். ரீல்ஸ் பாடம் கை கொடுக்க, “ஐ வில் டேக் எ ரெயின் செக்” என்று மெசேஜ் தட்டிவிட்டான். மறுநாள் காலை அவர் நேராக வந்து, எந்தப் பாகத்தில் தண்ணீர் கசிகிறது, ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார். அவருக்கும் இங்கிலீஷ் கற்றுக்கொண்ட மொழிதானே. இந்தப் பெல்ட்டில் கொரியாக்காரர், ஜப்பான்காரர், ஜெர்மன்காரர், பிரெஞ்சுக்காரர், நாம் எல்லோரும் பேசுவது கடன் வாங்கிய இங்கிலீஷ். பேஸ்பால் சீட்டு யார் பையிலும் இல்லை.

ஜப்பான்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று வைத்திருக்கிறார்கள். மூச்சை லேசாக உள்ளிழுத்து, “சோட்டோ…” என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். ‘கொஞ்சம்’ என்றுதான் அர்த்தம். மீதியை நாம் புரிந்துகொள்ள வேண்டும்: முடியாது. அதைப் புரிந்துகொள்ளாமல், “கொஞ்சமா? எவ்வளவு சார்?” என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும்.

நிஜ மழைக்கு இந்தச் சீட்டெல்லாம் தேவைப்படாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருக்கிறவர்களிடம் ஏன் வரவில்லை என்று எந்த சூப்பர்வைசரும் கேட்கவில்லை. வாசலில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது கிராமர் பார்க்க நேரமில்லை.

சரி, ஷிஃப்ட் முடிந்து டீக்கடைக்கு வந்தால் உண்மையில் என்ன பேசுகிறார்கள்? பெயிலும் இல்லை, ஃப்ளேக்கும் இல்லை. “பேக் அடிச்சிட்டான்.” இங்கிலீஷ்காரனின் பேக் அவுட்டை எடுத்து நம்ம ‘அடி’யோடு சேர்த்து வெல்டிங் வைத்த சாமான். அப்புறம் ஜகா வாங்கிட்டான், கம்பி நீட்டிட்டான், நைசா கழன்டுகிட்டான், எஸ்கேப். இவையெல்லாம் ஓடினவனைப் பற்றி. ஏமாந்து நின்றவன் பக்கமிருந்து பேசினால் டிமிக்கி கொடுத்தான், அல்வா கொடுத்தான், தண்ணி காட்டினான், நாமம் போட்டான், காலை வாரினான். இங்கிலீஷ்காரன் ஓடுகிறவனின் குளிர்ந்த பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நம் ஆள் பஸ் ஸ்டாண்டில் பையோடு நிற்பவனின் நெற்றியில் நாமத்தைப் பார்க்கிறான்.

பையோடு நின்ற கதைகளில் ஒன்று, எங்கள் டிபார்ட்மென்ட்டின் பாண்டிச்சேரி டிரிப். ‘பாண்டி கன்ஃபர்ம்’ என்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தார்கள். முதல் நாள் எல்லோரும் “டன் மச்சி”. ரூம் அட்வான்ஸ் கேட்ட அன்று “டன்” போட்டவர்களில் பாதிப் பேர் “பாக்கலாம்டா” ஆனார்கள். வியாழக்கிழமை ஒருவனுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை இன்னொருவனுக்கு ரிலீவர் வரவில்லை. அது யாராலும் கேள்வி கேட்க முடியாத காரணம்; ரிலீவர் வராவிட்டால் மெஷினை விட்டு நகர முடியாது, டபுள் ஷிஃப்ட்தான். சனிக்கிழமை காலை ஒருவன் ஊரில் தாத்தாவுக்கு முடியவில்லை என்று போட்டான். அந்தத் தாத்தா போன மகாபலிபுரம் டிரிப்புக்கு முன்னாடியே காலமாகியிருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் குரூப் பெயரை ‘பாண்டி டென்டேட்டிவ்’ என்று மாற்றினான். கடைசியில் பைக்கில் போனது இரண்டு பேர். அவர்களும் மரக்காணம் வரைக்கும்தான்.

டென்டேட்டிவ் என்று மாற்றியவன் சும்மா மாற்றவில்லை. அது எங்கள் தொழில் வார்த்தை. அதைச் சொன்னால்தான் மேலே இருக்கிறவர்கள் எப்படிப் பேக் அடிக்கிறார்கள் என்று புரியும்.

மாதக் கடைசியில் கஸ்டமரிடமிருந்து ஷெட்யூல் வரும். அடுத்த மாதத்துக்கு உள்ளது ஃபர்ம், அதாவது எடுத்தே தீருவோம். அதற்கடுத்த இரண்டு மாதம் டென்டேட்டிவ், உத்தேசம். ஃபர்ம் நம்பரை வைத்து நாங்கள் ஸ்டீல் வாங்குவோம், ஷிஃப்ட் போடுவோம், கான்ட்ராக்டரிடம் ஆள் சொல்வோம். மாதம் பாதி ஓடியிருக்கும்போது ஒரு மெயில் வரும். மீதி எண்ணிக்கையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொள்ளவும். புஷ் அவுட். காரணம் இருக்காது. பேப்பரில் ஃபர்ம் என்றால் நஷ்டஈடு கேட்கலாம். எங்கள் சைஸ் கம்பெனி கேட்காது. கேட்டால் அடுத்த மாடலுக்கு விலைப்புள்ளி கேட்கும் மெயில் நமக்கு வராது.

அந்த மெயில் வந்த சாயங்காலம் ஸ்டோர்ஸ் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். நீலப் பிளாஸ்டிக் டிரேக்களில் அடுக்கி, துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, பச்சை டேக் கட்டிய பாகங்கள். போகத் தயாராக இருந்தவை. நாள் ஆக ஆக எண்ணெய் காயும். மறுபடி எடுத்துத் துடைத்து, மறுபடி செக் செய்து, மறுபடி எண்ணெய் தடவ வேண்டும். அதற்குத் தனியாகக் காசு யாரும் கொடுப்பதில்லை. இரண்டாவது ஷிஃப்ட் வெட்டப்படும். கான்ட்ராக்டர் போனை எடுத்துப் பையன்களிடம், “நாளையிலேருந்து ஒரு வாரம் வேணாம்பா, சொல்றேன்” என்பார். பெரிய கஸ்டமர் ஆபீஸில் ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்து நம்பரை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தினார், மாத்தூரில் நாலு பேர் சேர்ந்து எடுத்த ரூமில் அந்த மாத வாடகைக்கு அடுத்தவன் கையைப் பார்க்கிறார்கள். ஒரே நகர்த்தல்தான்.

இந்தப் பையன்களில் ஒருவன் அடுத்த வாரம் கூப்பிடும்போது வரவில்லை என்று வையுங்கள். ரெஜிஸ்டரில் அவனுக்கு எழுதும் வார்த்தை ‘ஆப்ஸ்காண்ட்’. தலைமறைவு! கொலைக் கேசில் போலீஸ் எழுதுகிற சொல். 2 நாள் வரவில்லை என்றால் நோ ஷோ, இன்னும் கொஞ்ச நாளானால் தலைமறைவுக் குற்றவாளி. கம்பெனியே வேலையை நிறுத்தினால்? 2019 செப்டம்பரில், மந்தத்தின்போது மாருதி குருகிராமிலும் மானேசரிலும் 2 நாள் ஆலையை மூடியது. அதற்குப் பெயர் ‘நோ புரொடக்‌ஷன் டே’. அதே செப்டம்பரில் அசோக் லேலண்ட் எண்ணூரில் அறிவித்த 16 நாளுக்குப் பெயர் ‘நான்-வொர்க்கிங் டேஸ்’. காலண்டரிலேயே சிவப்பு மை போட்டு அச்சடித்து வந்த மாதிரி.

பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இருந்தது. 2006இல் ஆரம்பித்தது. நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது வரித் தகராறால் இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேராமல் வெளியே நின்றது. 2014 நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தி நின்றது. அதற்கு முன்னாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிட்டார்கள். அந்தத் திட்டத்தின் பெயர் விருப்ப ஓய்வு. கையெழுத்துப் போட்டவர்களில் ஏராளமானவர்கள் இருபதுகளில் இருந்த பெண்கள். பிளஸ் டூ முடித்து, ஹாஸ்டலில் தங்கி, தம்பி படிப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள். இருபத்து நாலு வயதில் விருப்பப்பட்டு ஓய்வு பெற்றார்களாம். எந்த ரீல்ஸ் அக்காவுக்கும் இந்த வித்தை தெரியாது.

ஃபோர்டு கதையை இந்தப் பக்கத்தில் சொல்லாமல் முடியாது, மறைமலைநகர் இங்கிருந்து கூப்பிடு தூரம். 2019 அக்டோபரில் ஃபோர்டும் மஹிந்திராவும் கூட்டு என்று அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதி, வருடத்தின் கடைசி நாள், வேண்டாம் என்று முடித்துக்கொண்டார்கள். பெருந்தொற்றுக் காலம், காரணங்கள் நியாயமாகவே இருக்கலாம். கோல்டு ஃபீட் என்று ரீல்ஸ்காரர்கள் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, இந்தியாவில் கார் செய்வதையே நிறுத்துகிறோம் என்றது ஃபோர்டு. 10 வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், ஆகவே ‘ரீஸ்ட்ரக்சரிங்’. அதை நம்பி டூலிங் போட்ட சின்னச் சின்ன சப்ளையர்கள் அன்றைக்குச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எதுவுமே இங்கிலீஷ் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த வட்டாரத்தில் ரெயின் செக்கை உண்மையிலேயே திருப்பிக் கொண்டுவந்து நீட்டியதும் ஃபோர்டுதான். 2024இல் ஏற்றுமதிக்காக ஆலையைத் திறக்கும் எண்ணம் இருப்பதாக அரசுக்குக் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் கடைசியில் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் இன்ஜின் தயாரிப்பு, 2029இல் உற்பத்தி என்று ஒப்பந்தம். ஃபர்மா, டென்டேட்டிவா என்று என் கண் தானாகத் தேடுகிறது. தொழில் புத்தி.

இவ்வளவும் எழுதக் காரணமாக இருந்த இன்னொருவன் உண்டு. திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், டிப்ளமோ மெக்கானிக்கல், எங்களிடம் டிரெய்னியாக இருக்கிறான். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஆஃபர் வாங்கி, 1ஆம் தேதி சேருகிறேன் என்று கையெழுத்தும் போட்டுவிட்டான். நடுவில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இன்னொரு ஆஃபர். மாதம் மூவாயிரம் ரூபாய் அதிகம், கேன்டீன், பஸ் வசதி. “முதல் கம்பெனிக்கு என்ன சார் சொல்றது?” என்று வந்து நின்றான்.

ரூம்மேட்ஸ் எல்லோரும் ஒரே யோசனைதான் சொல்லியிருக்கிறார்கள்: போனை எடுக்காதே. அவன் கொஞ்சம் மனசாட்சி உள்ளவன் போல, மெயில் ஒன்று தயார் செய்துவந்திருந்தான். தங்கள் மேலான நிறுவனத்தின் மதிப்புமிக்க ஆஃபருக்குத் தவிர்க்க முடியாத சூழ்நிலை காரணமாக ரெயின் செக் எடுக்க விரும்புவதாக இங்கிலீஷில் எழுதியிருந்தான். பாவி, கீழே ஒரு சிரிக்கிற எமோஜி வேறு.

“தம்பி, திரும்பி எப்பவாச்சும் அங்கதான் போவியா?”

“இல்ல சார்.”

“அப்போ இது எதுக்கு? அப்புறம், தவிர்க்க முடியாத சூழ்நிலை என்ன?”

“மூவாயிரம் சார்.”

உட்கார்ந்து வெட்டினோம். கடைசியில் மூன்று வரி மிஞ்சியது. வேறு கம்பெனியில் சேர முடிவு செய்துவிட்டேன். 1ஆம் தேதி வர மாட்டேன். என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ள இப்போதே சொல்கிறேன், வாய்ப்புக் கொடுத்ததற்கு நன்றி. எல்லாம் ஆறாங்கிளாஸ் இங்கிலீஷ். ‘சாரி’ போடலாமா என்று கேட்டான். போடு, ஒரு தடவை போதும் என்றேன். அனுப்புகிற பட்டனை நானே பக்கத்தில் நின்று அழுத்த வைத்தேன். வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்று சொன்னால் அது டென்டேட்டிவ்.

அரை மணி நேரத்தில் அந்த ஹெச்.ஆர். மேடம் போன் செய்துவிட்டார். இவன் முகம் வெளுத்து, ஸ்பீக்கரில் போட்டான். திட்டவில்லை. “இந்த பேட்ச்ல ஜாயின் பண்ணலன்னு வாயைத் திறந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான்” என்றார். குரலில் அலுப்பு. அப்புறம், “உங்க ஃபிரெண்ட்ஸ்ல டிப்ளமோ மெக்கானிக்கல் யாராச்சும் இருக்காங்களா, உடனே சேர்ற மாதிரி?” என்று கேட்டார். இவன் ரூம்மேட் நம்பரைக் கொடுத்தான்.

ரூம்மேட் இன்டர்வியூ போய்வந்து, ஆஃபரும் வந்துவிட்டதாம். 1ஆம் தேதி சேருவானா என்று நேற்று டீக்கடையில் கேட்டேன்.

“பாக்கலாம்னு சொன்னான் சார்.”